கோச் ஸ்க்ரூ: எந்த அளவு, எவ்வளவு நீளம், எங்கே கூடாது?

போன மாதம் மொட்டை மாடி மரப் பந்தல் பற்றி எழுதியபோது, சட்டங்களைத் தூணோடு இணைக்கக் கோச் ஸ்க்ரூ போடலாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம். தெரியாதவர்களுக்காக: போல்ட் மாதிரி ஆறு பட்டைத் தலை, கீழே கூர்முனை, நடுவில் பருமனான மரை. ஸ்க்ரூ டிரைவரால் முடியாது, ஸ்பேனர் போட்டுத்தான் முறுக்க வேண்டும். அமெரிக்கர்கள் எடுக்கும் வீடியோக்களில் லேக் ஸ்க்ரூ என்று சொல்வதும் இதே சாமான்தான். ஆன்லைனில் வாங்கினால் 'டின் 571' (DIN 571) என்று போட்டிருக்கும், அது இதன் ஜெர்மன் தர எண்.

கேள்வி (மதுரை): பந்தலுக்குத் தூண் 4-க்கு 4 அங்குலம். ஒவ்வொரு தூணின் இரண்டு பக்கமும் 2 அங்குல கனச் சட்டம் வருகிறது. கடையில் கேட்டதற்கு, "தடிமனா போடுங்க சார், அசையவே அசையாது" என்று 12 மி.மீ. தடிமன், 75 மி.மீ. நீளம் கொடுத்துவிட்டார். போதுமா?

பதில்: போதாது, தயவுசெய்து அதைப் போடாதீர்கள். தடிமனைப் பார்த்து நீளத்தை விட்டுவிடுவதுதான் இதில் எல்லோரும் செய்கிற தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் 50 மி.மீ., வாஷர் 3 மி.மீ., ஆக 53 போய்விட்டது. 75-ல் மிச்சம் 22 மி.மீ. தான் தூணுக்குள் போகும். அதிலும் கடைசி 10 மி.மீ. கூர்முனை, அதற்குப் பிடிப்புக் கிடையாது. அப்படியானால் உங்கள் பந்தலின் ஒவ்வொரு இணைப்பும் ஒரு சென்டிமீட்டர் மரையை நம்பி நிற்கும்.

வெளிப்பக்கச் சட்டத்தைத் தாண்டி, உள்ளே இருக்கும் முக்கிய மரத்துக்குள் எவ்வளவு மரை போகிறது என்பதுதான் கேள்வி. கூர்முனையைக் கழித்துவிட்டு, திருகின் தடிமனைப் போல 4 மடங்காவது போக வேண்டும், அது குறைந்தபட்சம். முழு பலம் வேண்டுமானால் 8 மடங்கு. 12 மி.மீ. திருகுக்கு 8 மடங்கு என்றால் 96 மி.மீ., உங்கள் தூணே 100 தான்! அதனால் உங்கள் தூணுக்கு 12 எடுத்துக்கொண்டது ஆரம்பத்திலேயே பொருத்தமில்லை. 10 மி.மீ. தடிமன், 140 மி.மீ. நீளம் எடுத்தால் 140-ல் 53 போய், முனைக்கு 10 போய், 77 மி.மீ. மரை தூணைப் பிடிக்கும். கிட்டத்தட்ட முழு 8 மடங்கு. ஒல்லியான நீளத் திருகு, குண்டான குட்டைத் திருகைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் நில்லுங்கள், உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சட்டம் இரண்டு பக்கமும் வருகிறது என்கிறீர்கள். இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று 100 மி.மீ. தூணுக்குள் எதிரும் புதிருமாக முறுக்கினால் நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும். விலக்கி விலக்கிப் போட்டால் தூண் சல்லடையாகிவிடும். இங்கே கோச் ஸ்க்ரூவே வேண்டாம். சட்டம், தூண், சட்டம் மூன்றையும் சேர்த்து ஊடுருவும்படி 12 மி.மீ. போல்ட், 220 மி.மீ. நீளம், இரண்டு பக்கமும் பெரிய வாஷர், முடிந்தது வேலை. அந்த நீளத்தில் போல்ட் கிடைக்காவிட்டால் மரை போட்ட ராடு வாங்கி அறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு முனையிலும் நட்டு.

நான் போன மாதமே எழுதியிருக்க வேண்டிய விதி இதுதான்: மறுபக்கம் கை எட்டுமானால் போல்ட், எட்டாத இடத்துக்குத்தான் கோச் ஸ்க்ரூ. போல்ட் இரண்டு பக்கமும் மரத்தை அணைத்துப் பிடிக்கிறது. கோச் ஸ்க்ரூ தன் மரைக்கு இடையில் இருக்கும் நார்களை மட்டும் நம்பி நிற்கிறது.

பந்தலில் ஓரமாக ஒரு பக்கம் மட்டும் சட்டம் வரும் தூண்களுக்கு அந்த 10-க்கு 140 போடலாம், இணைப்புக்கு இரண்டு. இரண்டையும் ஒரே நார் வரிசையில் போடாமல் கொஞ்சம் கோணலாக விலக்குங்கள், ஒரே வரிசையில் இருந்தால் அந்தக் கோட்டில்தான் மரம் பிளக்கும். சட்டத்தின் வெட்டு முனையிலிருந்து குறைந்தது 70 மி.மீ., மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 40 மி.மீ., இரண்டு திருகுக்கும் நடுவே 40 மி.மீ. இதெல்லாம் 10 மி.மீ. திருகுக்கான அளவு, தடிமன் கூடினால் இவையும் கூடும்.

கேள்வி (கோவை): வேங்கை மரத்தில் படிக்கட்டுக் கைப்பிடி செய்தோம். 8 மி.மீ. கோச் ஸ்க்ரூ 16 போட்டதில் 5 தலை முறிந்துவிட்டது. தச்சர், "சரக்கு மட்டம், நல்ல கம்பெனியா வாங்குங்க" என்கிறார். ஓட்டை 4 மி.மீ. பிட்டில் போட்டார். எந்த பிராண்டு வாங்கலாம்?

பதில்: பிராண்டு மாற்றி மறுபடி 5 உடைத்துக்கொள்ள வேண்டாம். 16-ல் 5 முறிந்தால் எனக்கு முதல் சந்தேகம் சரக்கின் மேல் வராது, ஓட்டையின் மேல்தான் வரும். நீங்களே எழுதிவிட்டீர்கள், 4 மி.மீ. என்று.

வேங்கை மாதிரி கனத்த மரத்தில், மரை போகிற பகுதிக்குத் திருகின் தடிமனில் 65 முதல் 85 சதவீதம் வரை ஓட்டை வேண்டும். 8 மி.மீ. திருகுக்கு 5.5 முதல் 6.5 மி.மீ. பிட். தேக்கு போல நடுத்தர மரத்துக்கு 60 முதல் 75 சதவீதம், 8 மி.மீ. திருகுக்கு 5 அல்லது 5.5 பிட் போதும். இறக்குமதி பைன் போல மெத்தென்ற மரத்துக்கு 40 முதல் 70 சதவீதம். 10 மி.மீ. திருகு என்றால் வேங்கைக்கு 7 அல்லது 7.5, தேக்குக்கு 6 அல்லது 6.5. உங்கள் தச்சர் போட்ட 4 மி.மீ. சரியாகப் பாதி, பைன் மரத்துக்குப் பொருந்தும், வேங்கைக்குப் பொருந்தாது. மரம் விலகிக்கொடுக்க இடமில்லாதபோது முறுக்கும் பலமெல்லாம் இரும்பில் ஏறி, மரை தொடங்குகிற இடத்தில் முறிந்துவிடும்.

எண்ணெல்லாம் ஞாபகம் இருக்காது என்பவர்கள் இப்படிப் பாருங்கள். டிரில் பிட்டைத் திருகுக்கு முன்னால் வைத்து, வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைந்து, மரையின் பற்கள் மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்தால் கனத்த மரத்துக்கு அதுதான் சரியான பிட். மரம் மெத்தென்று இருக்க இருக்க, அரை அல்லது ஒரு மி.மீ. குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. தலைக்குக் கீழே மரை இல்லாத வழவழப்பான தண்டு இருக்கிறதல்லவா, அது போகிற ஆழத்துக்கு முழு 8 மி.மீ. ஓட்டை. அதற்குக் கீழே மரை போகிற ஆழத்துக்குச் சின்ன ஓட்டை. வெளிப்பக்கச் சட்டத்தில் திருகு லேசாக நுழைந்து போக வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தில் மட்டும்தான் மரை கடிக்க வேண்டும். இரண்டிலும் மரை கடித்தால், நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் நடுவே இருக்கும் இடைவெளி மூடவே மூடாது. ஆழத்துக்குப் பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முறுக்கும் முன் மரையில் சோப்போ மெழுகுவர்த்தியோ நன்றாகத் தேயுங்கள், கனத்த மரத்தில் இது செய்யும் வித்தியாசத்தைக் கையிலேயே உணர்வீர்கள்.

ஓட்டையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பரணுக்குச் சுவரோரம் ஒரு தாங்குச் சட்டம் அடித்திருந்தது. வேலை செய்தவர் அவசரத்தில் கோச் ஸ்க்ரூவை முக்கால்வாசி சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி நாலு சுற்று மட்டும் ஸ்பேனரால் முறுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து, பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு முனை கீழே வந்தது. நல்லவேளை, யாரும் அடியில் இல்லை. கழற்றிப் பார்த்தால் ஓட்டைக்குள் மரையின் அச்சே இல்லை, நார்கள் எல்லாம் கிழிந்து பஞ்சு மாதிரி கிடந்தன. கோச் ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடிப்பது என்றால் அது இனி ஆணிகூட இல்லை, வெறும் குச்சி. உங்கள் வீட்டில் யாராவது சுத்தியலை எடுத்தால் தயங்காமல் நிறுத்துங்கள்.

முறிந்து உள்ளே மாட்டிக்கொண்ட அந்த ஐந்தையும் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், மரம்தான் பாழாகும். அங்கேயே விட்டுவிட்டு 40 மி.மீ. ஆவது தள்ளிப் புது ஓட்டை போடுங்கள். பழைய ஓட்டையை மரக்குச்சி ஒட்டி அடைத்தால் பார்வைக்குத் தெரியாது. ஆனால் அடைத்த குச்சியிலேயே மறுபடி திருகு போடக் கூடாது. தீக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து முறுக்குகிற வழக்கம் அலமாரிக் கீலுக்குச் சரி, ஆள் சாய்ந்து நிற்கிற கைப்பிடிக்குச் சரியில்லை.

கேள்வி (காரைக்குடி): எங்கள் பழைய வீட்டில் பர்மா தேக்கு உத்திரம் இருக்கிறது. அதில் மூன்று பேர் உட்காரும் பலகை ஊஞ்சல் மாட்ட ஆசை. வளையம் வைத்த 10 மி.மீ. திருகு கொக்கி நாலு வாங்கி வைத்திருக்கிறோம், அடியிலிருந்து முறுக்கினால் போதும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் அதிக நேரம் யோசித்தேன், ஏனென்றால் காகிதக் கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அமெரிக்க மரக் கட்டுமான விதிகளில் திருகைப் பிடுங்கும் பலத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி நல்ல தேக்கில் 10 மி.மீ. திருகின் மரை 60 மி.மீ. பதிந்திருந்தால், ஒன்றே சுமார் 400 கிலோவைப் பாதுகாப்பாகத் தாங்கும். நாலு கொக்கி, மூன்று பேர். பிறகு என்ன பயம் என்றுதான் தோன்றும்.

அந்தக் கணக்கு, விரிசல் இல்லாத புது மரம், நேராகக் கீழே இழுக்கும் அசையாத எடை, சரியான அளவில் போட்ட ஓட்டை எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. ஊஞ்சல் அப்படியா இருக்கிறது? முன்னும் பின்னும் ஒவ்வொரு வீச்சுக்கும் கொக்கியை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி ஓட்டையின் வாயை அகலப்படுத்தும். பிள்ளைகள் ஓடி வந்து குதித்து ஏறுவார்கள். உத்திரம் பல பத்து வருடம் காய்ந்தது, அடிப்பக்கத்தில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் திருகு அந்த வெடிப்புக்குள்ளேயே போய் உட்கார வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், இந்த இணைப்பு கெட்டால் முன்கூட்டிச் சொல்லாது. போல்ட் தளர்ந்தால் நட்டு ஆடும், கண்ணுக்குத் தெரியும். மரத்துக்குள் மரை தேய்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் ஒருநாள் மொத்தமாகக் கழன்று வரும். தலைக்கு மேலே, ஆட்கள் உட்காருகிற எதையும் மரைப் பிடிப்பை மட்டும் நம்பி நான் தொங்கவிட மாட்டேன், நீங்களும் விட வேண்டாம்.

உத்திரத்தின் மேல்பக்கம் கை எட்டுமானால், 12 மி.மீ. வளைய போல்ட்டை அடியிலிருந்து முழுக்க ஊடுருவ விட்டு, மேலே 6 மி.மீ. கனத்தில் 75 மி.மீ. சதுர இரும்புத் தகடு, அதற்கு மேல் இரண்டு நட்டு. ஓட்டை உத்திர அகலத்தின் நடுவில், கணு இல்லாத இடமாக இருக்கட்டும்.

மேலே தளம் போட்டு மூடியிருந்தால் வேறு வழி. உத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் அணைத்தபடி ப வடிவில் கனத்த இரும்புப் பட்டை அடித்து, பக்கவாட்டில் உத்திரத்தை ஊடுருவி இரண்டு போல்ட் போட்டு, பட்டையின் அடியில் வளையத்தை வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அப்போது எடை திருகைப் பிடுங்காது, போல்ட்டின் குறுக்கே உட்காரும். அந்தப் பக்கவாட்டு ஓட்டைகளை உத்திரத்தின் பாதி உயரத்துக்கு மேலே போட வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். கீழ்ப்பாதியில் போட்டால், தொங்குகிற எடை அந்த ஓட்டை மட்டத்தில் மரத்தை நாரோடு நாராகக் கீழே பிளந்து இழுக்கும். பட்டைக்கும் போல்ட்டுக்கும் ஆகும் செலவு, அந்த ஊஞ்சல் பலகையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பழைய உத்திரம் என்பதால் போல்ட் போடும் முன், அதன் இரண்டு முனையும் சுவருக்குள் போகிற இடத்தைக் கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். கறையானும் ஈரமும் முதலில் தின்பது அங்கேதான். ஆணி லேசாக இறங்கினால் ஊஞ்சலை மறந்துவிட்டு முதலில் உத்திரத்தைக் கவனியுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. போன முறை பந்தலுக்கு மஞ்சளாகப் பளபளக்கும் திருகு போட்டு, ஒரே வருடத்தில் துரு வழிந்து தேக்கெல்லாம் கறுப்பாகிவிட்டது. இந்த முறை எது?

பதில்: மஞ்சளோ வெள்ளையோ, பளபளவென்று இருப்பது மின்முலாம். அதில் துத்தநாகம் வெறும் 5 முதல் 10 மைக்ரான் அளவுக்குத்தான் ஒட்டியிருக்கும், வீட்டுக்குள் அலமாரிக்குப் போதும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, கடையில் 'ஹாட் டிப்' என்று கேளுங்கள், சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், 40 மைக்ரானுக்கு மேல் பூச்சு. மதுரை, திருச்சி வெயிலுக்கு அது தாராளம். உங்கள் ஊருக்கு அதையும் நான் சொல்ல மாட்டேன். 316 தர எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வாங்குங்கள். 304-ம் எஸ்.எஸ். தான் என்றாலும் உப்புக்காற்றில் அதன் மேல் டீக்கறை மாதிரி பழுப்பு படியும். 316-ல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். கடையில் காந்தம் வைத்துக் காட்டுவார்கள், அதை வைத்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது. தலையில் 'ஏ4' என்று பொறித்திருந்தால் அது 316 வகை, 'ஏ2' என்றால் 304.

தேக்கு கறுத்ததற்குக் காரணம் துரு மட்டும் இல்லை. மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும், கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே விஷயம்தான். கருவேல மரத்தில் இது இன்னும் அதிகம். எஸ்.எஸ். போட்டால் அந்தக் கறை வராது. வாஷரும் எஸ்.எஸ். ஆகவே இருக்கட்டும், ஜி.ஐ. வாஷரை (துத்தநாகம் பூசிய இரும்பு) கலந்தால் உப்பு ஈரத்தில் வாஷர் சீக்கிரம் அரித்துப்போகும்.

எஸ்.எஸ். திருகைக் கனத்த மரத்தில் அழுத்தி முறுக்கினால் சட்டென்று முறிந்துவிடுகிறது என்று சில தச்சர்கள் சொல்வது உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. அதே அளவில் ஒரு சாதாரண இரும்புத் திருகு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அதைச் சோப்புப் போட்டு முறுக்கி மரத்துக்குள் மரை வெட்டிவிட்டு, கழற்றி, பிறகு எஸ்.எஸ். திருகைப் போட்டால் கையோடு போகும்.

கேள்வி (சென்னை): சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து அதிலும் கோச் ஸ்க்ரூ போடுகிறார்களே, மரப் பரண் சட்டத்துக்கு அது போதுமா?

பதில்: கைகழுவும் பேசினுக்கு அந்த முறை பரவாயில்லை, சுவர் உறுதியாக இருந்தால். பரணுக்கு, அதுவும் கான்கிரீட் பீமோ தூணோ கிடைத்தால், கான்கிரீட்டுக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் போடுங்கள். செங்கல் சுவர் என்றால் பிளக் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும், பூச்சுக்குள்ளோ கலவை இடுக்கிலோ அல்ல. பூச்சின் கனத்தையும் சட்டத்தின் கனத்தையும் கழித்துவிட்டுத்தான் நீளத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): இம்பேக்ட் டிரைவர் வாங்கியிருக்கிறேன். முழுக்க அதிலேயே முறுக்கலாமா?

பதில்: முக்கால்வாசி வரை தாராளமாக. வாஷர் மரத்தைத் தொடும் முன்பே நிறுத்திவிட்டு, கடைசி ஒன்றிரண்டு சுற்றை ரிங் ஸ்பேனரால் கையில் முறுக்குங்கள். வாஷர் மரத்தில் அழுத்தி உட்கார்ந்ததும் போதும். மெத்தென்ற மரத்தில் மெஷின் ஒரு நொடி கூடுதலாக ஓடினால், உள்ளே வெட்டிய மரையை அதுவே வழித்தெடுத்துவிடும், திருகு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் ஒன்று அடுத்த பெரிய அளவுக்கு ஓட்டையைச் சரிசெய்து போடுங்கள், இல்லை நீளமான திருகு எடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பந்தல் போட்டு நாலு மாதம். திருகெல்லாம் தளர்ந்து வாஷர் சுற்றுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. புதிதாக அறுத்த மரம் காயும்போது சுருங்கும், 50 மி.மீ. சட்டம் ஒன்றிரண்டு மி.மீ. மெலிந்தாலே வாஷர் தளர்ந்துவிடும். ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்குங்கள். அடுத்த கோடை முடிந்ததும் இன்னொரு முறை. இறுக்கும்போது ஏதாவது ஒன்று இறுகாமல் சும்மா சுற்றினால் அது மட்டும் மரை போனது, அதை மாற்றுங்கள். அகலமான பலகையில் இரண்டு திருகை 5 அங்குலத்துக்கு மேல் விலக்கிக் குறுக்காகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலகை சுருங்கும்போது இரண்டும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வதால் நடுவில் வெடித்திருக்கும். வெடித்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, பலகையை மாற்றிவிட்டுத் திருகுகளை நெருக்கிப் போடச் சொல்லுங்கள்.